இரண்டு கோப்புகளும் ஒரே மேசையில்: அகதிக் கோரிக்கை நிலுவையில் இருந்தபோது கணவரை ஸ்பொன்சர் செய்த ஒரு வழக்கு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாழும் ஒரு தமிழ்த் தம்பதியின் வழக்கு இது. மனைவி கனடியக் குடியுரிமை பெற்றவர்; கணவரைப் பொறுப்பேற்று அவருக்கு நிரந்தர வதிவிடம் கேட்க, அதாவது ஸ்பொன்சர் செய்ய, விரும்பியவர். கணவர் முல்லைத்தீவிலிருந்து வந்து அகதிக் கோரிக்கை வைத்துவிட்டு விசாரணைத் திகதிக்காகக் காத்திருந்தவர். அவர்களின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பும் கோப்புத் தயாரிப்பும் என் வேலை. சட்ட ஆலோசனை சொல்வது சட்டத்தரணியின் பொறுப்பு. இந்த வழக்கில் அவர் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்பதை அருகிலிருந்து பார்த்தேன். இதே நிலையில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு அது பயன்படும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அவர்கள் எங்களிடம் வந்தபோது கையில் ஒரு கடிதம் இருந்தது. "எனது அகதிக் கோரிக்கையை மீளப்பெறுகிறேன்" என்று குடிவரவு அகதிகள் சபைக்கு எழுதப்பட்ட கடிதம். கையெழுத்து மட்டுமே மிச்சம். படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர் தயாரித்துக் கொடுத்தது. "ஸ்பொன்சர் போட்டால் அகதிக் கேஸ் இருக்கக் கூடாதாம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்கலாமாம். இதில் இவர் கையெழுத்துப் போட்டால் போதுமா அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டார். சட்டத்தரணி கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டாம் என்றார். அந்த வழக்கில் எடுக்கப்பட்ட மிக முக்கியமான முடிவு அதுதான்.

காரணத்தைப் புரிந்துகொள்ள, கணவர் நாட்டுக்குள் வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 2022இல் அமெரிக்க விசாவில் நியூயோர்க் வந்து, அங்கிருந்து பஃபலோ வழியாக ஃபோர்ட் எரி எல்லைச் சாவடிக்குப் போய்க் கோரிக்கை வைத்தவர் அவர். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான பாதுகாப்பான மூன்றாம் நாடு உடன்படிக்கை 2004 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி அமெரிக்காவிலிருந்து தரை வழியாக வருபவரைப் பொதுவாகத் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் கனடாவில் உரிய தகுதியோடு வாழும் பெற்றோர், சகோதரர், மாமா, அத்தை போன்ற உறவினர் இருந்தால் விலக்கு உண்டு. இவருக்கு அக்கா இருந்தார். ஆகவே கோரிக்கை விசாரணைக்குத் தகுதியானதென ஏற்கப்பட்டு, சபையின் விசாரணைப் பிரிவான அகதிகள் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. கடவுச்சீட்டை எல்லைச் சேவைகள் முகவரகம் வாங்கி வைத்துக்கொண்டது. அன்றே ஒரு வெளியேற்ற உத்தரவும் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த உத்தரவை நம்மவர்கள் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. கோரிக்கை வைக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் அது கொடுக்கப்படுகிறது. நிபந்தனையுடன் கூடிய உத்தரவு அது. கோரிக்கை நிலுவையில் இருக்கும்வரை உயிர் பெறாது. கோரிக்கையை மீளப்பெற்றாலோ, விசாரணைக்குப் போகாமல் கைவிட்டதாக அறிவிக்கப்பட்டாலோ, இந்த வழக்கு நடந்த காலத்துச் சட்டப்படி அந்த அறிவிப்புக் கிடைத்து 15 நாட்களில் நடைமுறைக்கு வந்துவிடும். அதன்பின் 30 நாட்களுக்குள் நாட்டைவிட்டுப் போய், போனதற்கான உறுதிப்பத்திரத்தையும் எல்லையில் பெற வேண்டும். தவறினால் அது நாடுகடத்தல் உத்தரவாக மாறும். பிறகு கனடாவுக்குத் திரும்ப விசேட அனுமதி வேண்டும்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இழப்பு அதோடு முடிந்திருக்காது. மீளப்பெற்ற ஒருவர் கனடாவில் மறுபடி அகதிக் கோரிக்கை வைக்கவே முடியாது. நாட்டைவிட்டு அகற்றும் முன், திரும்பினால் ஆபத்து உண்டா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்கும் 12 மாதங்கள் விண்ணப்பிக்க முடியாது. வெளியேற்ற உத்தரவு நடைமுறைக்கு வரும் நாளிலேயே கையில் இருக்கும் வேலை அனுமதியும் செல்லாததாகிவிடும். ஸ்பொன்சர் விண்ணப்பமோ அப்போது அனுப்பப்படவே இல்லை. அனுப்பினாலும் முடிவு வர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். அத்தனை காலத்துக்கும் அவருக்கு இந்த நாட்டில் நிற்க இருந்த ஒரே ஊன்றுகோலைத்தான் அந்தக் கடிதம் பிடுங்கப் பார்த்தது. எழுதிக் கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு விடயத்தில் ஆலோசனை சொல்ல, சட்டத்தரணியாகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது இப்படிப்பட்ட கடிதங்களுக்காகவும்தான்.

அப்படியானால் அகதிக் கோரிக்கை இருக்கும்போதே ஸ்பொன்சர் செய்யலாமா? செய்யலாம். கனடாவுக்குள் இருக்கும் வாழ்க்கைத் துணைக்கான பிரிவு ஒன்று குடிவரவு விதிகளின் 124ஆம் பிரிவில் இருக்கிறது. விண்ணப்பிப்பவர் ஸ்பொன்சரின் துணையாக இருக்க வேண்டும், கனடாவில் அவரோடு சேர்ந்து வாழ வேண்டும், தற்காலிக வதிவிட அந்தஸ்து இருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். மூன்றாவதில்தான் அகதிக் கோரிக்கையாளர்கள் இடறுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அந்த அந்தஸ்து கிடையாது. 2005 பெப்ரவரியில் வந்த ஒரு பொதுக் கொள்கை இந்த மூன்றாவது நிபந்தனையைத் தளர்த்தியது. விசா முடிந்த பின் தங்கியவர், அனுமதியின்றி வேலை செய்தவர், விசா இல்லாமல் நுழைந்தவர் போன்றோரையும் அந்தஸ்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். குற்றச்செயல், பாதுகாப்புக் காரணங்கள், ஏற்கனவே நாடுகடத்தப்பட்டு அனுமதியின்றித் திரும்பியது போன்றவற்றை அது மன்னிக்காது.

வெளிநாட்டு வழியிலான குடும்பப் பிரிவிலும் விண்ணப்பித்திருக்கலாம். மறுத்தால் ஸ்பொன்சர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம் என்பது அதன் பெரிய நன்மை. உள்நாட்டுப் பிரிவில் அந்த மேன்முறையீடு இல்லை. 15 நாட்களுக்குள் சமஷ்டி நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கேட்க வேண்டும். ஆனாலும் உள்நாட்டுப் பிரிவையே சட்டத்தரணி தேர்ந்தெடுத்தார். பொதுக் கொள்கையின் கீழ் விண்ணப்பித்தவரை அகற்றும் நடவடிக்கையை எல்லை முகவரகம் 60 நாட்கள் ஒத்திவைக்கும். ஆனால் அகற்றுவதற்கான நேர்காணலுக்கு அழைப்பு வருவதற்கு முன்னரே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் கல்யாணம் முடித்துக் கடைசி நேரத்தில் அனுப்புபவருக்கு அது கிடைக்காது.

மனைவியின் தகுதியைச் சரிபார்ப்பது சுருக்கமாக முடிந்தது. இது அவருக்கு இரண்டாம் திருமணம். முதல் கணவர்தான் அவரை 2014இல் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர். துணையாக ஸ்பொன்சர் செய்யப்பட்டு வந்த ஒருவர், நிரந்தர வதிவிடம் பெற்று 5 ஆண்டுகள் ஆகாமல் இன்னொரு துணையை ஸ்பொன்சர் செய்ய முடியாது. இவருக்கு அது எப்போதோ கடந்துவிட்டது. விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளையும் இரண்டாம் திருமணப் பதிவு நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கனடாவில் தீர்ப்பு பொதுவாக 31ஆம் நாளில்தான் செல்லுபடியாகும். அதற்கு முன்னால் பதிந்த திருமணம் திருமணமே அல்ல. துணையை ஸ்பொன்சர் செய்யக் குறைந்தபட்ச வருமானம் என்று எதுவும் இல்லை. சமூக நல உதவிப் பணம் பெறுபவராக இருக்கக் கூடாது. உடல் இயலாமைக்கான உதவி என்றால் பரவாயில்லை. அவர் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்தார். முதல் திருமணத்தில் பிறந்த மகளும் அவர்களோடு வாழ்ந்தாள்.

சிக்கல் முழுவதும் கணவரின் கடந்த காலத்தில் இருந்தது.

அகதிக் கோரிக்கையை ஒன்ராறியோ சட்ட உதவித் திட்டத்தின் கீழ் வேறொரு சட்டத்தரணி நடத்திக்கொண்டிருந்தார். ஸ்பொன்சர் படிவங்களை அந்தப் படிவக்காரர் நிரப்பியிருந்தார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததே இல்லை. நாங்கள் செய்த முதல் வேலை இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வரிக்கு வரி ஒப்பிட்டதுதான். குடிவரவுத் திணைக்கள அதிகாரி செய்யப்போவதும் அதையேதான். திணைக்களமும் எல்லை முகவரகமும் ஒரே கணினித் தொகுதியைப் பயன்படுத்துகின்றன. எல்லையில் சொன்னது, அகதிக் கோரிக்கையில் எழுதியது, ஸ்பொன்சர் படிவத்தில் எழுதியது எல்லாம் அங்கே அடுத்தடுத்து இருக்கும்.

ஒப்பிட்டபோது ஒரு பெரிய இடைவெளி தெரிந்தது. ஐ.எம்.எம். 5669 என்ற படிவம் கடந்த 10 ஆண்டுகளில் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று ஒரு மாதமும் விடாமல் கேட்கும். அதில் கணவர் கட்டாரில் கட்டுமான வேலை செய்த காலத்தைச் சரியாக எழுதியிருந்தார். அகதிக் கோரிக்கையின் அடிப்படைப் படிவத்தில் அந்தக் காலமே இல்லை. கிளிநொச்சியில் உறவினர் வீட்டில் மறைந்திருந்ததாக இருந்தது. ஏன் என்று கேட்டபோது மிகவும் தயங்கித்தான் சொன்னார். கட்டாரிலிருந்து இலங்கைக்குத் திரும்பிப் போனவருக்கு எப்படிப் பயம் இருக்கும் என்று கேட்பார்கள், அதை எழுதாதே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வேலை ஒப்பந்தம் முடிந்து, விசா முடிந்து, வேறு வழியில்லாமல் திரும்பியவர் அவர். சொல்லியிருந்தால் விளக்கக்கூடிய விடயம். மறைத்ததால்தான் அது குற்றம்போலத் தெரிந்தது.

விசாரணைக்கு முன் திருத்த வழி இருந்தது. அடிப்படைப் படிவத்தில் மாற்றங்களைக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அகதிகள் பாதுகாப்புப் பிரிவிடம் கொடுக்கலாம். இரண்டு சட்டத்தரணிகளும் பேசினார்கள். முன்னர் ஏன் விடுபட்டது என்ற விளக்கத்தோடு திருத்தம் கொடுக்கப்பட்டது. கணவர் அன்று இரவு தூங்கவில்லை என்று மனைவி சொன்னார். இந்தத் திருத்தம் அகதி வழக்கைப் பலவீனப்படுத்தும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. திருத்தாமல் விட்டால் இரண்டு வழக்கும் சேர்ந்து போகும். தவறான தகவல் கொடுத்ததாகத் தீர்மானித்தால் 5 ஆண்டுகள் அனுமதி மறுக்கலாம், ஸ்பொன்சர் அதைக் காப்பாற்றாது.

அடுத்தது இன்னும் கனமானது. 2009இன் தொடக்கத்தில், அவருக்குப் பதினாறு வயது இருக்கும்போது, வன்னியில் இயக்கம் அவரைப் பிடித்துச் சில வாரங்கள் பதுங்குகுழி வெட்ட வைத்தது. அவருடைய அண்ணன் மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் போனவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கியபோது, தாயோடு போய் அமர்ந்தவர்களில் இவரும் ஒருவர். பின்னால் புலனாய்வுக்காரர்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் அதனால்தான் என்பது அவருடைய அகதிக் கோரிக்கை. ஸ்பொன்சர் படிவம் ஆயுத அமைப்புகளோடு தொடர்பு இருந்ததா என்று கேட்கிறது. "இல்லை" என்று போட்டுவிடலாமா என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்வியை வன்னியில் வளர்ந்த எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கனடா விடுதலைப் புலிகளை 2006 ஏப்ரலில் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட அமைப்பின் உறுப்பினர் என்று முடிவானால் ஸ்பொன்சரால் அதைத் தாண்ட முடியாது. அமைச்சரிடம் விலக்குக் கேட்கும் வழி மட்டும்தான் இருக்கும், அதற்கும் மிக நீண்ட காலம் ஆகும். ஆனால் துப்பாக்கி முனையில் மண் வெட்டிய சிறுவனை உறுப்பினர் என்று சட்டம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடாது. வயது, கட்டாயம், தப்ப முடிந்ததா, என்ன வேலை என்பதெல்லாம் பார்க்கப்படும். அகதிக் கோரிக்கையில் இந்தச் சம்பவம் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. இங்கே "இல்லை" என்று போட்டால், விளக்கக்கூடிய ஒரு துயரம் சொல்லப்பட்ட பொய்யாக மாறிவிடும். சட்டத்தரணி நடந்ததை நடந்தபடி, இரண்டு கோப்பிலும் ஒன்றுபோல எழுத வைத்தார். அதை மொழிபெயர்த்தபோது கணவரின் குரல் உடைந்து பலமுறை நிறுத்தினோம். இதை ஒரு படிவத்தின் பெட்டிக்குள் எழுதச் சொல்வதே கொடுமை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

திருமணம் உண்மையானதுதான் என்று காட்டுவது இதோடு ஒப்பிட இலகுவாக இருந்தது. குடிவரவு விதிகளின் 4ஆம் பிரிவு கடுமையானது. குடிவரவு நன்மையே முக்கிய நோக்கம் என்றாலும், உறவு உண்மையானது அல்ல என்றாலும், இரண்டில் எது ஒன்று போதும் மறுப்பதற்கு. 2010 செப்டம்பர் முதல் அப்படித்தான். அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவரின் திருமணத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள் என்பதை ஏற்றுக்கொண்டே கோப்பைத் தயாரித்தோம். கல்யாணப் படங்களில் சிலவற்றை மட்டுமே வைத்தோம். வீட்டு வாடகை ஒப்பந்தம், இருவர் பெயரிலும் மின் கட்டணம், வருமான வரித் திணைக்களத்துக்குத் திருமண நிலையை மாற்றி அறிவித்தது, மகளின் பாடசாலையில் அவசரத் தொடர்பாகக் கணவரின் பெயர், இரவு வேலைக்கு மனைவி போகும் நாட்களில் மகளைப் பல் வைத்தியரிடம் அவர் கூட்டிப்போன பதிவு. என் அனுபவத்தில், இப்படிச் சலிப்பூட்டும் காகிதங்களே மணவறைப் படத்தைவிட நம்ப வைக்கின்றன.

விண்ணப்பம் 2024 கோடையில் இணையத்தளம் வழியாகப் போனது. அந்த ஆண்டு ஏப்ரல் 30 முதல் உயர்ந்த கட்டணப்படி 1,205 டொலர், கைரேகைக்கு இன்னும் 85 டொலர். இலங்கைப் பொலிஸ் சான்றிதழை மட்டும் இணைக்கவில்லை. அந்த அரசுக்குப் பயந்து கோரிக்கை வைத்தவர் அதே அரசிடம் போய் எப்படிக் கேட்பது என்று விளக்கக் கடிதம் வைத்தோம். காலாவதியாகவிருந்த கடவுச்சீட்டையும் அதே காரணத்துக்காகப் புதுப்பிக்கவில்லை. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது துணைத்தூதரகத்துக்குப் போய்ப் புதிய கடவுச்சீட்டு எடுப்பது, எனக்கு அந்த அரசிடம் பயமில்லை என்று தானே சாட்சி சொல்வதற்குச் சமம்.

இலையுதிர் காலத்தில் அகதி விசாரணைத் திகதி வந்தது. ஸ்பொன்சர் முடிவு வரும்வரை தள்ளிவைக்கலாமா என்று கணவர் கேட்டார். அது ஒத்திவைக்கப் போதுமான காரணம் ஆகாது. போகாமல் விட்டால் கைவிட்டதாக அறிவிப்பார்கள், அது மீளப்பெறுவதற்குச் சமம். முழுத் தயாரிப்போடு போனார். காணாமல் ஆக்கப்பட்ட அண்ணனைப் பற்றிச் சபை உறுப்பினர் நம்பினார். கட்டாரிலிருந்து திரும்பியதையும், அதை முதலில் மறைத்ததையும், புலனாய்வு வருகைகளின் திகதிகள் பொருந்தாததையும் வைத்து எதிர்கால ஆபத்தை நம்பவில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

இங்கேதான் எல்லையில் அக்காவைக் காட்டி நுழைந்ததன் மறுபக்கம் தெரிந்தது. மூன்றாம் நாட்டு உடன்படிக்கையின் விலக்கில் வந்தவர்களுக்கு அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை இல்லை. சமஷ்டி நீதிமன்றத்தில் மீளாய்வுக்கு அனுமதி கேட்கலாம், கேட்டோம். ஆனால் மேன்முறையீட்டுப் பிரிவின் முடிவை எதிர்த்துப் போகிறவர்களுக்குக் அகற்றலைத் தானாகவே நிறுத்திவைக்கும் தடை கிடைக்கும், அது இவருக்குக் கிடையாது. 15 நாட்களில் வெளியேற்ற உத்தரவு உயிர் பெற்றது. வேலை அனுமதி செல்லாததானது. அந்த மாதங்களை மனைவி இரட்டை ஷிப்ட் செய்து தாண்டினார்.

தை மாதம் எல்லை முகவரகத்தின் நேர்காணல் கடிதம் வந்தது. ஸ்பொன்சர் விண்ணப்பம் அதற்கு மிக முன்னரே பதிவாகியிருந்ததால் 60 நாள் ஒத்திவைப்புக் கிடைத்தது. அதே காலத்தில் குடிவரவுத் திணைக்களத்திடமிருந்தும் கடிதம்: அகதிகள் பாதுகாப்புப் பிரிவு உங்கள் நம்பகத்தன்மையில் குறை கண்டிருக்கிறது, உங்கள் திருமணத்தை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்? கட்டார் திருத்தம் அப்போதுதான் பயன்பட்டது. யாரும் கண்டுபிடிக்குமுன் தானே திருத்தினார் என்பதற்கு ஆவணம் இருந்தது. இரண்டு கோப்பிலும் பதுங்குகுழி வெட்டிய கதை ஒரே கதையாக இருந்தது. பாதுகாப்புச் சோதனையும் முடிந்திருந்தது. மகளின் ஆசிரியரும் குடும்ப வைத்தியரும் கடிதம் கொடுத்தார்கள்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டுவிட்டதால் கடவுச்சீட்டுக் கேள்வியின் எடை மாறியிருந்தது. பொதுக் கொள்கையின் கீழும் வதிவிடம் வழங்கும் நேரத்தில் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருக்க வேண்டும். நீதிமன்ற மனுவுக்கு அதனால் வரக்கூடிய பாதிப்பைச் சட்டத்தரணி அவருக்கு விளக்கிச் சொன்ன பிறகு, அவர் ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத்தூதரகத்துக்குப் போனார். பொலிஸ் சான்றிதழுக்கும் அப்போதே விண்ணப்பித்தார். ஒத்திவைப்புக் காலம் முடிந்தபோது அவை வந்துசேரவில்லை. இன்னும் சில வாரங்கள் தள்ளிவைக்கக் கேட்டு எல்லை அதிகாரிக்கு எழுதினோம். தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. தந்தார்.

2025 வசந்தத்தில் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. நிறைவேற்றப்படாத அந்த அகற்றல் உத்தரவு அதோடு சட்டப்படி வெற்றுக் காகிதமாகியது. நீதிமன்ற மனுவை மீளப்பெற்றோம்.

இந்த வழியில் வதிவிடம் பெற்றதால் அவர் சட்டத்தின் கண்ணில் அகதி அல்லர். அகதியாக ஏற்கப்பட்டிருந்தால், பிறகு இலங்கைக் கடவுச்சீட்டில் ஊருக்குப் போவது பாதுகாப்பு நீக்கப்படுவதற்கும், 2012 டிசம்பருக்குப் பிந்தைய சட்டப்படி வதிவிடத்தையே இழப்பதற்கும் இட்டுச் செல்லலாம். அந்தத் தளை இவருக்கு இல்லை. ஆனால் ஊருக்குப் போனால் பாதுகாப்பாக இருப்பாரா என்பதற்கு எந்த வதிவிட அட்டையும் பதில் சொல்லாது; அவர் இதுவரை போகவில்லை. கணவரின் அடிப்படைத் தேவைகளுக்குத் தானே பொறுப்பு என்று மனைவி கொடுத்த உறுதி 3 ஆண்டுகளுக்கு நீடிக்கும், பிரிந்தாலும் நீடிக்கும். குடியுரிமைக்காகக் கனடாவில் வாழ்ந்து காட்ட வேண்டிய 1,095 நாட்களில் கோரிக்கையாளராகக் காத்திருந்த காலம் சேராது என்பதால், அவருடைய கணக்கு வதிவிடம் கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.